இரவல் நடை

நடனம் கற்காத பிள்ளைகள் ஆட வேண்டுமென்றால் அசைவை எங்காவது இரவல் வாங்க வேண்டும். கோபி டவுனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளியில் அப்படித்தான் வழக்கம். இரவல் போன அசைவு திரும்பி வரும்வரை, கொடுத்ததிடம் அந்த அசைவு இருக்காது. பள்ளி கேட்டின் ஆட்டத்தை ஒருவன் வாங்கியிருந்த வாரம் எல்லோரும் சுவரேறிக் குதித்துத்தான் உள்ளே வந்தார்கள். தலைமையாசிரியை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தார்.

கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் நடன டீச்சர் அமுதவல்லி வைத்திருந்த சட்டம். அவள் சின்ன வயதிலிருந்தே பரதம் கற்றவள். உடம்பில் ஓரிடமும் காலியில்லை. ஒரு கொசுவின் அசைவைக்கூட அவளால் இரவல் வாங்க முடியாது. பிள்ளைகள் எதையாவது வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழையும்போது அவளுக்குப் பொறாமையாக இருக்கும். அதை அவள் மறைத்ததும் இல்லை.

நிவாஷினி மட்டும் சுவரோரம் உட்கார்ந்தே இருந்தாள். தண்ணீர்க் குழாயிடம் கேட்டாள், அது தரவில்லை. கொடியில் காய்ந்த துணி தாராளமாகத் தந்தது, ஆனால் அவள் உடம்பில் ஒட்டாமல் நழுவி விழுந்துவிட்டது. "எனக்கு வராதுங்க டீச்சர்" என்றாள். ஒரு பிள்ளை இப்படிச் சொல்லிவிட்டால் அமுதவல்லிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த நிவாஷினி ஒருநாள் வகுப்புக்குள் புதிதாக நடந்து வந்தாள். ஒரு காலை அழுத்தி ஊன்றி, மறுகாலால் தரையை லேசாகத் தொட்டு, ஒவ்வோர் அடிக்கும் தோள் ஒருபக்கமாகச் சாய வந்தாள். அது கணக்கு வாத்தியார் சென்னியப்பனின் நடை. அவருக்குப் பிறவியிலேயே ஒரு கால் சற்றுக் குட்டை.

"கேட்டியா கண்ணு?"

"கேட்டனுங்க டீச்சர். பேப்பர் திருத்திட்டு இருந்தாரு. எடுத்துக்கோன்னாரு."

பிறகு அவள் ஆடினாள். சாயும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து, இதோ விழப்போகிறாள் என்னும்போது ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். சுவரோரம் இப்போது யாரும் இல்லை என்பதை அமுதவல்லி திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள்.

சில நாள் கழித்துச் சென்னியப்பன் வந்தார். நேராக, நிமிர்ந்து நடந்து வந்தார். முகம்தான் வாடியிருந்தது.

"என்ற நடையத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க டீச்சர். வூட்டுக்காரி கதவத் தொறக்க மாட்டேங்கறா. என்ற காலடிச் சத்தம் கேட்டாத்தான் தாப்பாள எடுப்பா."

"பேசிப் பாத்தீங்களா சார்?"

"பேசுனேன். குரல் உங்களுதுதான், நடை வேற யாருதோங்கறா. லேப் பெஞ்சுலதாங்க படுத்துக்கறேன்."

நியாயம் அவர் பக்கம்தான். அது அமுதவல்லிக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டு நின்ற நிவாஷினிதான் பேசினாள்.

"அப்ப நான் மறுபடி செவுத்துக்கிட்ட போய் உக்காந்துக்கட்டுங்களா டீச்சர்?"

அமுதவல்லி தன் அடவுகளில் ஒன்றைக் கழற்றி அவளுக்குத் தரப் பார்த்தாள். அது தனியாக வரவில்லை. இழுத்தால் எல்லாம் சேர்ந்து வந்தன. வேறு வழியில்லாமல் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

நிவாஷினி நடையை வராந்தாவிலேயே திருப்பிக் கொடுத்தாள். சென்னியப்பன் வாங்கி, பழைய செருப்பைப் போட்டுக்கொள்வதுபோல் போட்டுக்கொண்டு நாலடி வைத்தார். சாயும் இடம் வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். சட்டைப் பையிலிருந்த சாக்பீஸ்கள் தெறித்தன.

"இது என்னுதில்லீங்களே," என்றார். குனிந்து, சுற்றை மட்டும் பதனமாகப் பிரித்தெடுத்து அவளிடம் நீட்டினார். "தெரியாம எங்கூட வந்துருச்சு. இந்தா சாமி, உன்னுது."

நிவாஷினி கேட்டிடம் ஓடிப்போய் விசாரித்தாள். அது தன்னுடையது இல்லை என்றது. குழாயும் துணியும் அதையே சொல்லிவிட்டன. அவள் அந்தச் சுற்றைப் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை. அமுதவல்லிக்கு அழுகை வந்தது. வராந்தாவில் நின்றே அழுதாள்.

அன்று சாயங்காலம் சென்னியப்பன் படியேறுவதற்குள் தாழ்ப்பாள் திறந்தது.

மறுநாள் காலையில் நிவாஷினியின் பெஞ்சுக்குப் பக்கத்தில் வகுப்பறை மின்விசிறி இறங்கி நின்றது. அது சுற்றாமல் போய் ரொம்ப நாளாயிற்று. கை மூன்றையும் ஒடுக்கிக்கொண்டு முறையாகக் கேட்டது.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"கடைசி பீரியடு எனக்கு டான்ஸ் இருக்குது. அதுக்குள்ள குடுத்துரணும்."

சரி என்று சொல்லிவிட்டு அது மேலே ஏறிக்கொண்டது. பிள்ளைகள் நோட்டுப் பக்கங்கள் பறக்காமல் முழங்கையால் அமுக்கிக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.