படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெஞ்சு

என் பாடத்துக்குக் கல்லூரி ஒதுக்கியது பத்தே வாரம். அதற்குள் மாணவர்கள் ஒரு குறையைக் கண்டுபிடித்து, ஆள் திரட்டி, கோரிக்கை வைத்து, பலனையும் காட்ட வேண்டும். நூறு மதிப்பெண்ணில் நாற்பது பலனுக்கு; அது இல்லையென்றால் பெயில். பலன் கிடைத்ததற்கு அலுவலகத்திலிருந்து எழுத்து மூலம் உறுதி வேண்டும் என்று விதி போட்டவள் நான்தான். வாயால் அளப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

வகுப்பில் ஒருத்திக்குக் கேள்விக்குறி என்று பட்டப்பெயர். பெயர் சொல்லி வருகை கேட்டால்கூட "எதுக்கு மேடம்?" என்பாள். முதல் வாரமே அவளுடைய ஐந்து பேர் குழு ஒரு விஷயத்தோடு வந்தது. எங்கள் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் ஏழு பெண்களுக்கு உடை மாற்ற இடமில்லை. படிக்கட்டுக்குக் கீழே, பினாயில் கேன்களுக்கு நடுவில், இரண்டு பேர் போர்வையைத் திரையாகப் பிடிக்க ஒருத்தி மாற்றிக்கொள்வாள். அங்கே கதவு கிடையாது.

"தாழ்ப்பாள் போட்ட ஒரு ரூம். அவ்ளோதான் மேடம் கேக்கப் போறோம்."

"அவ்ளோதானா? ரூம்னா கட்டடக் கமிட்டி, நிதிக் கமிட்டின்னு இழுத்தடிப்பாங்க. பத்து வாரத்துல சுவத்துக்கு வெள்ளைகூட அடிக்க மாட்டாங்க. கிடைக்கிற மாதிரி ஒண்ணைக் கேளுங்க."

"கிடைக்கும்னு கேக்கணுமா மேடம், வேணும்னு கேக்கணுமா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அவள் கையிலிருந்த தாள்களை வாங்கினேன். முதல் பக்கத்தில் 'அறை' என்றிருந்ததை அடித்துவிட்டு, மேலே 'உட்கார ஒரு பெஞ்சு' என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பிள்ளைகள் உழைத்தார்கள், குறை சொல்ல முடியாது. மதிய இடைவேளையில் சாப்பிடாமல் நின்று அறுநூறு கையெழுத்து வாங்கினார்கள். ஒன்பதாம் வாரம் பெஞ்சு வந்தது. முதுகில் 'மாணவர் முயற்சி' என்று நீல பெயிண்டில் எழுதியிருந்தார்கள். கூடவே அலுவலகக் கண்காணிப்பாளர் கடிதமும் வந்தது. 'துப்புரவுப் பணியாளர் வசதி குறித்த கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டது.' கீழே மாணவர் பிரதிநிதியும் ஆசிரியரும் கையெழுத்திட வேண்டும்.

"முழுமையான்னு ஏன் மேடம் போட்டிருக்காங்க?"

"நாளைக்கு மார்க் ஏத்தணும். ஒரு வார்த்தையைப் புடிச்சுத் தொங்கிட்டு இருக்காத."

அவள் போட்டாள். அவளுக்குக் கீழே நானும் போட்டேன். நாற்பதுக்கு நாற்பது. வீட்டில் பெருமையடித்தபோது என் கணவர், "ஏழு பேருக்கு ஒரு பெஞ்சா?" என்றார். எதிலும் நொட்டை சொல்கிற மனிதர் என்று வாயை அடைத்தேன்.

அந்தக் குழுவுக்கு அதுதான் கடைசிப் பருவம். படிப்பு முடிந்து ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த பருவம் தொடங்கி இரண்டாம் வாரம், துப்புரவுப் பெண்களில் மூத்தவர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். எல்லோருக்கும் அவர் அக்கா.

"ரெண்டு வருஷமா மாடியில இருக்கிற பழைய வரைபட ரூமைக் கேட்டு அலைஞ்சேன் மேடம். சாவி தர்றோம்னு சொல்ற வரைக்கும் வந்துச்சு. இப்ப முடிஞ்சு போச்சுன்னு ஃபைலை மூடிட்டாங்க."

"ஏன்க்கா இதை முன்னாடியே சொல்லல?"

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே. மனுவோட காப்பியும் குடுத்தேன். பேப்பர்ல சேத்து மேடம்கிட்ட குடுத்துட்டேன்னு சொல்லுச்சு."

அலமாரியைத் திறந்து, அந்தக் குழு கடைசியில் ஒப்படைத்த தாள் கட்டைத் தேடினேன். என் அழகான திருத்தம் முதல் பக்கத்தில் இருந்தது. மனு இரண்டாம் பக்கத்தில். அன்று நான் தாளைத் திருப்பவே இல்லை.

"ஆபீஸ்ல உங்க கையெழுத்தைக் காட்டினாங்க மேடம். எனக்குப் படிக்க வராது. பாக்க அழகா இருந்துச்சு."

அவர் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கண்காணிப்பாளரிடம் ஓடினேன். கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

"வாங்கிக்கலாம் மேடம். ஆனா பலன் இல்லன்னா நாப்பது மார்க்கும் இல்ல, உங்க ரூல். அஞ்சு பேருக்கும் பெயில் போடணும். வேலைக்குப் போன பசங்க. போட்டுடவா?"

இரண்டு வருட அலைச்சல் ஒரு பக்கம், ஐந்து பிள்ளைகளின் சான்றிதழ் ஒரு பக்கம். நடுவில் என் அவசரம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த யோசனை இன்னும் முடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்று திரும்பும் வழியில், படிக்கட்டுக்குக் கீழே பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதற்குப் பின்னால் அக்கா, போர்வையின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றார்.

"இன்னிக்கு ஒரு ஆள் லீவு. கொஞ்சம் இதைப் புடிக்கிறீங்களா மேடம்?"

பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தேன். மேலே பிள்ளைகள் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு கையாலயும் புடிங்க மேடம்," என்றார் அக்கா. "காத்துக்கு விலகுது."