கண்ணாடித் தொட்டியில் பாசி

மலாய் நாட்டுக்குள் ஜப்பான்காரர்கள் வந்த பிறகு ஞானாம்பிகை கற்பித்த பள்ளிக்கூடம் மூடப்பட்டது. தாவரவியல் படித்தவள் என்று யாரோ சொல்லிவிட, கடலோர பங்களாவில் குடியேறியிருந்த ஜப்பானிய அதிகாரி அவளை வரவழைத்தார். முன்பு அங்கே இருந்த வெள்ளைக்காரர் விட்டுப்போன பெரிய கண்ணாடித் தொட்டியில் கடல்நீரும் வரிமீன்களும் இருந்தன. கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி.

"பெர்சி!" என்றார் அதிகாரி. சுத்தம் செய் என்பதற்கு அவருக்குத் தெரிந்த மலாய்ச் சொல் அது.

தேங்காய் நாரால் தேய்த்தாள். தோட்டக்காரர் பிச்சைமுத்து வாளி வாளியாகக் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றினார். சில நாள் தெளிவாக இருந்துவிட்டு மறுபடியும் பச்சை பிடித்தது. காரணம் அவளுக்குத் தெரியும். காலை வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தது. போதாததற்கு, அரைத்த மீனைத் தட்டு நிறையக் கொண்டுவந்து அதிகாரியே கொட்டினார். மிச்சம் அடியில் கிடந்து அழுகியது. வெயிலில் மீன்கள் மின்னுவதைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். திரைச்சீலையைத் தொட்டாலே முறைப்பார்.

பாசி மேயும் கடல் நத்தைகளைப் பாறைகளிலிருந்து பொறுக்கிவந்து தொட்டியில் விட்டாள். அவை கண்ணாடியில் ஊர்ந்து தடம் தடமாகச் சுத்தம் செய்தன. முதல்முறையாக அவளுக்கு நிம்மதி வந்தது.

ஒருநாள் காலையில் பார்த்தால் ஒரு நத்தைகூட இல்லை.

"பிச்சைமுத்து, நத்தையள் எங்க?"

அவர் தலைகுனிந்தார். "அவிச்சிட்டேன், டீச்சர். புள்ளைங்க தெனமும் உபிக்கெழங்குதான் தின்னுதுங்க. சின்னவளுக்குக் காலு வீங்கிப் போச்சு. என்ன செய்றது லா?"

திட்ட வாயெடுத்தாள். யார்மீது கோபப்படுவது என்றே தெரியாமல் நாரைத் தரையில் வீசினாள்.

அன்று மாலை அதிகாரிக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அவசரமாகத் தேய்த்ததில் பாசி பிரிந்து தண்ணீர் கலங்கிப்போனது. அதிகாரி மீன் தட்டோடு வந்து பார்த்தார். "பெர்சி! பெர்சி!" என்று கத்திக்கொண்டே தட்டைத் தொட்டிமேல் சாய்த்தார்.

ஞானாம்பிகை தட்டைப் பிடித்து நிறுத்தினாள். மறுகையால் திரையை இழுத்து மூடினாள். "கூராங் மாக்கான், தூவான்! சாப்பாட்டைக் குறையுங்கோ, ஐயா!"

அறை கன்னத்தில் விழுந்தது. காது இரைந்தது. வாசலில் நின்ற பிச்சைமுத்து "ஐயோ" என்றார். அவள் அழவில்லை, திரையைத் திறக்கவும் இல்லை. அதிகாரி தட்டை மேசையில் எறிந்துவிட்டுப் போனார்.

மறுநாள், தன்னைப் பிடித்துப் போய்ச் சிறையில் அடைத்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் வந்தாள். திரை பாதி மூடிக் கிடந்தது. தட்டில் மீன் பாதிதான் இருந்தது. அவருக்குப் புரிந்ததா, கலங்கிய தொட்டியால் விருந்தாளிகள் முன்னே பட்ட அவமானமா, அவளுக்குத் தெரியவில்லை.

"இண்டைக்கு நத்தை பொறுக்கப் போறம், பிச்சைமுத்து. முதல்ல உம்மட பிள்ளையளுக்கு எடும். பிறகு தொட்டிக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் பச்சை மெதுவாகத்தான் பிடித்தது. ஆனால் வெயில் குறைந்ததும் அடி மணலில் பழுப்பாக வேறொரு பாசி படரத் தொடங்கியது. அதைக் குனிந்து பார்த்தவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "சனியன்!" என்று முணுமுணுத்தபடி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.