‘கோப்பை’ என்ற லேயர்

கோப்பையை எடுத்துவிட வேண்டும் என்று பால்பவுடர் கம்பெனிக்காரர் போனில் சொன்னார். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்ததால் அவனுடைய கம்ப்யூட்டரில் நான் உட்கார்ந்தேன். அட்டைப்பெட்டிக்கான படம் திறந்தே கிடந்தது. பின்னால் புல்வெளி, மேலே வெயில், நடுவில் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துச் சிரிக்கும் குழந்தை. வலது ஓரத்தில் லேயர்களின் வரிசை. ‘கோப்பை’ என்ற லேயருக்குப் பக்கத்தில், அதை மறைப்பதற்காக இருந்த சின்னக் கண் குறியை அமுக்கினேன். கோப்பை அப்படியே இருந்தது. குழந்தையின் முகம் காணாமல் போனது.

படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். அதற்கு மென்பொருளே ஒரு எண் போட்டுக்கொள்ளும்; பிரதி எடுத்தால் பின்னால் ‘நகல்’ என்று ஒட்டும். நான் அதை அப்படியே விட்டுவிடுவேன். அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. ‘இடக்கை நிழல்’, ‘தூரத்துப் புல்’ என்று உட்கார்ந்து பெயர் வைப்பான்.

“லேயர் பதினேழு நகல் நகலாம். நாளைக்குப் புள்ள பொறந்தா அதுக்கும் நம்பர்தான் போடுவியா, குண்டூசி?” என்பான். ஒல்லியாக இருந்து சுருக்கென்று பேசுவதால் சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பெயர் அது. வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இனியும் இல்லை.

அவசரத்தில் பெயரை மாற்றி எழுதியிருப்பான் என்று முதலில் நினைத்தேன். ‘வெயில்’ என்பதை அமுக்கினேன். குழந்தையின் விரல்கள் போயின. அதற்குமேல் அமுக்கப் பயமாக இருந்தது. மறைத்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, ஒன்றும் தொடாதவளைப்போல என் நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

அவன் வந்ததும் அவனுடைய திரையில் கோப்பையைக் காட்டிக் கேட்டேன். “இது என்னண்ணா?”

கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். “என்ன, வாத்தியாரம்மா பரீட்சை வைக்கிறீங்களா? நீயே சொல்லேன்.”

“கோப்பை.”

“அதான். இதக்கூடத் தெரியாம ஒருத்தி தொழிலுக்கு வந்துட்டா,” என்று சிரித்தான். சிரிப்பு முடிந்த பிறகும் அவன் உதடுகள் அந்தச் சொல்லை ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அண்ணியிடம் சொல்லப் போன் எடுத்தேன். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. வைத்துவிட்டேன்.

மறுநாள் நான் வருவதற்கு முன்பே அவன் வேலையில் இருந்தான். அவன் கை கழுவ எழுந்து போனபோது அவனுடைய திரையை எட்டிப் பார்த்தேன். பழைய பெயர்கள் ஒன்றுகூட இல்லை. புல்லுக்கும் வெயிலுக்கும் முகத்துக்கும் கோப்பைக்கும் ஒரே பெயர்தான். மேலிருந்து கீழ்வரை, குண்டூசி.

ஈரக் கையோடு அவன் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“பாத்துட்டியா,” என்றான். “மத்ததெல்லாம் எப்படியோ சமாளிச்சுக்குவேன். படத்தப் பாத்தா தெரிஞ்சுடும். இந்தப் பேருக்குப் படம் இல்லயே. அதான் எழுதி எழுதிப் பாக்குறேன்.”

“டாக்டர்கிட்ட போலாம், அண்ணா. இப்பவே.”

“போலாம் போலாம். பெட்டி அச்சுக்குப் போகட்டும். முதல்ல இத ஒருதடவ படிச்சுடறேன், இரு.”

என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஈர விரலை முதல் வரியில் வைத்தான். “குண்டூசி,” என்றான். விரல் கீழே இறங்கியது. “குண்டூசி.” எழுத்துகளின்மேல் தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் அவன் குரல் கொஞ்சம் தாமதித்து வந்தது. கடைசி வரியில் விரல் நின்றது.

நான் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தேன்.