பூசணி படர்ந்த டாங்கி

கலினோவி யார் என்கிற எங்கள் ஊரில் அந்தக் கோடையில் ஒரு டாங்கியின் மேல் பூசணிக்கொடி முளைத்து, ஒரே இரவில் பீரங்கிக் குழாயின் நுனிவரை படர்ந்தது. அந்த வாரம் உருளைக்கிழங்கு விலையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கொடிக்குக் காரணம் மோத்ரியா. படையின் பழுதுக் கொட்டகையில் வெல்டிங் செய்பவள். ட்ரோன் தாக்காமலிருக்க டாங்கிகளுக்கு இரும்புக் கூண்டு கட்டுவாள். அந்த டாங்கியை ஓட்டும் யுகிம், ஊரறியப் போய் அவளைப் பெண் கேட்டான். பெண்ணுக்கு மனமில்லையென்றால் எங்கள் பக்கம் வாயால் சொல்வதில்லை, கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மோத்ரியா இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்துக் கொடுத்தாள். அதைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்க வெட்கப்பட்ட யுகிம், டாங்கிக் கூண்டின் மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனான். விடிந்தபோது டாங்கியைக் காணோம். மஞ்சள் பூ பூத்த ஒரு தோட்டம்தான் நின்றது.

டாங்கியின் காலம் முடிந்தது என்று தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் தினமும் அதற்குக் கருமாதி செய்துகொண்டிருந்த நேரம் அது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கையடக்க ட்ரோன் ஒன்று வந்து மலை மாதிரி இரும்பை எரித்துவிட்டுப் போவதை நாங்களே வயலோரம் நின்று பார்த்தோம். மேஜர் ஹைதுக் மட்டும் ஒப்பவில்லை. "ட்ரோன் அடிக்கும்யா, இல்லேங்கல. அடிபட்டவனைத் தூக்கிட்டு வருமா?" என்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இங்கே ஒரு பூசணிக்காய் முழு டாங்கியையே மறைத்தது. யுகிம் ஓட்ட, தோட்டம் நகர்ந்தது. எஞ்சின் சூடுகூட இலையைத் தாண்டவில்லை. எதிரியின் ட்ரோன்கள் மேலே வட்டமடித்து, ஏமாந்து, பேட்டரி தீர்ந்து விழுந்தன. எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு வாரத்தில் கொடி வாடத் தொடங்கியதும் மேஜர் யுகிமைக் கூப்பிட்டார்.

"போய் மறுபடி பொண்ணு கேளுடா."

"மறுபடியும் மாட்டேன்னுடுவா சார்."

"அதுக்குத்தான்டா போகச் சொல்றேன்!"

அப்படியே சனிக்கிழமைதோறும் அவன் கேட்டான், அவள் காய் கொடுத்தாள், கொடி தழைத்தது. கோடை முடிந்து சூரியகாந்தி கறுத்த சமயத்தில் மோத்ரியாவின் தம்பி லெவ்கோவும் அவனுடைய ஆட்களும் காயங்களோடு வயலுக்கு அந்தப்பக்கத்து மரவரிசையில் மாட்டிக்கொண்டார்கள். நடுவில் வெட்டவெளி. மீட்கப் போன வண்டிகள் இரண்டும் எரிந்துவிட்டன. பூசணி டாங்கி ஒன்றுதான் கதி. அந்தச் சனிக்கிழமை மோத்ரியா காய் கொடுத்தாள். கொடி முளைத்தது, முளைத்த வேகத்தில் பழுத்து உதிர்ந்தது. இன்னும் பெரிய காய் கொடுத்தாள். அதுவும் உதிர்ந்தது. விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"அடிப்பாவி, மனசு மாற இதுவா நேரம்?" என்று கத்தினார் மேஜர்.

"வாராவாரம் வந்து நின்னா? நான் என்ன மரக்கட்டையா?" என்றவளின் முகம் சிவந்துவிட்டது. வாக்கிடாக்கியில் லெவ்கோவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

மோத்ரியா டாங்கியின் மேல் ஏறி, ஓட்டுநர் துளைக்குள் தலையை விட்டாள்.

"நல்லா கேட்டுக்கோ யுகிம். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இந்த இரும்புக்குள்ள உட்கார்ந்திருக்கறவனுக்கு நான் பொண்டாட்டியா வரமாட்டேன். தினம் வாசலைப் பாத்துப் பாத்துச் சாக என்னால ஆகாது. சண்டை முடிஞ்சு இறங்கி வந்து கேளு. இன்னைக்கு மாட்டேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொல்லி முடிக்கும் முன்பே இலைகள் குடை குடையாக விரிந்தன. யுகிம் சிரித்தான், அழுதான், கியரைப் போட்டான். பட்டப்பகலில் ஒரு பூசணித் தோட்டம் வெட்டவெளியைக் குறுக்கே கடந்து போவதை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஐந்தாறு ட்ரோன்கள் மேலே சுற்றின. ஒன்று பூவின் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனது. மதியத்துக்குள் இலைகளுக்கடியில் எல்லோரையும் கிடத்திக்கொண்டு டாங்கி திரும்பியது. லெவ்கோ மூக்கெல்லாம் மகரந்தமும் மடியில் ஒரு பிஞ்சுமாகக் கிடந்தான்.

"அக்கா, உனக்கும் இவருக்கும் என்னதான் நடக்குது?" என்றான்.

"ஒண்ணும் நடக்கல, அதனாலதான்டா நீ பொழச்சே," என்று அழுதுகொண்டே அவன் தலையில் குட்டினாள்.

தொலைக்காட்சியில் டாங்கிக்கு இன்னும் கருமாதி நடக்கிறது. இங்கே யாரும் பார்ப்பதில்லை. சனிக்கிழமை ஆனால் யுகிம் கேட்கிறான், மோத்ரியா மாட்டேன் என்கிறாள். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் பூசணிக் கஞ்சி குடிக்கிறார்கள். ஊரில் எல்லோரும் அவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்றுதான் சொல்கிறோம். கொடியிடம் மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.