ஈர்க்கில் வயல்

அழகியநாயகி டீச்சரிடம் அவள் அண்ணன் நீலகண்டபிள்ளை சொன்ன கணக்கு சின்னது. அவளுடைய குளத்தடி வயல் நீளம் பதினைந்து கோல், அகலம் பதின்மூன்று. அவருடைய ஓடைக்கரை வயலும் பதினைந்து, பதின்மூன்று. அவள் வயல் அவருடைய வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் சௌகரியம். ஐம்பத்திரண்டாம் வருஷம் கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்ததும் பத்திரமும் எழுதியாயிற்று. நாளைக்குத் தக்கலையில் பதிவு. புருஷனை இழந்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஊரே அவருக்குத் தாளம் போட்டது.

அந்த வயல்தான் அவளுக்கும் மகளுக்கும் வருஷத்துச் சோறு. பள்ளிக்கூடச் சம்பளம் உப்புக்கும் புளிக்கும் காணாது.

குளத்தடி வயலுக்கு நாலு மூலையும் நேர்; ஓடைக்கரை வயல் ஓடையோடு சாய்ந்து கிடப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் அவள். பதிவுக்கு முந்தின நாள் விடிந்ததும், உடன் வேலை பார்க்கும் நேசபாயைக் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அளந்துவிட்டு, நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். நிலம் அளக்கிற நாராயணபெருமாளும் அங்கே இருந்தார். நாலு பக்கமும் நானே அளந்தது, தப்பு வராது என்றார் அவர். பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றைந்து சதுரக்கோல். இங்கேயும் அதே, அங்கேயும் அதே.

தப்பு அளந்ததில் இல்லை, பெருக்கினதில்தான் என்றாள் அவள். கரித்துண்டால் தரையில் சாய்ந்த வயலை வரைந்து, வகுப்பில் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதிரெதிர் மூலைகளில் கிட்ட இருக்கிற இரண்டையும் குறுக்கே சேர்த்தால் பதினாலு கோல். இப்போது வயல் இரண்டு முக்கோணம். அந்தக் கோட்டிலிருந்து மற்ற மூலைக்குச் செங்குத்தாகப் பன்னிரண்டு. பதினாலைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாதியாக்கினால் எண்பத்துநாலு. இரண்டுக்கும் சேர்த்து நூற்று அறுபத்தெட்டு. மிச்சம் இருபத்தேழு எங்கே போயிற்று என்று கேட்டாள்.

நீலகண்டபிள்ளை சிரித்தார். "ஏட்டி, நாலு பக்கமும் ஒண்ணா இருக்கும்போ உள்ள மட்டும் எப்பிடி கொறையும்? பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கத இங்க கொண்டு வராத."

நாராயணபெருமாளும் தலையாட்டினார். அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று தெரியும்; அழவில்லை.

முற்றம் பெருக்கிவிட்டுப் போட்டிருந்த வாரியலிலிருந்து நாலு ஈர்க்கிலை உருவினாள். இரண்டைப் பதினைந்து விரல்கடைக்கு ஒடித்தாள், இரண்டைப் பதின்மூன்றுக்கு. மூலைகளை நூலால் கட்டினாள். அண்ணன் முன்னால் ஒரு செவ்வக வயல் நின்றது. மூலையில் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள், சாய்ந்தது. பக்கம் ஏதாவது குறைந்ததா என்று நாராயணபெருமாளைக் கேட்டாள். இல்லை என்றார். இன்னும் தள்ளினாள். இல்லை என்றார், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. ஒரேயடியாகத் தள்ளினாள். நாலு ஈர்க்கிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நடுவில் எறும்பு நுழைய இடமில்லை.

அதை எடுத்து அண்ணன் பக்கத்தில் இருந்த பத்திரத்தின்மேல் வைத்தாள்.

"நாலு பக்கமும் அப்பிடியேதான் இருக்கு. இதுக்குள்ள நெல்லு வெதச்சுக் காட்டுங்க அண்ணே. கையெழுத்துப் போடுகேன்."

நீலகண்டபிள்ளை ஈர்க்கில்களைக் கையில் எடுத்துப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வந்திருந்தது. குளத்தடி வயலுக்கு மடை திறக்கப் போனாள்.