முப்பத்தைந்து நாளில் பாதி

ஜனவரி மூன்றாம் தேதி பின்மதியம் ஓக்லஹோமாவில் ஆரின் ஹார்னிஷின் கோதுமை வயலில் விழுந்த கல், எட்டு வருடங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோன அவருடைய மகள் நாடீனின் குரலில் முனகிப் பாடிக்கொண்டிருந்தது. சொற்கள் இல்லை. பட்டாணி உரிக்கும்போது ஒன்பது வயதில் அவள் வாய்க்குள் ராகம் இழுப்பாளே, அதே இழுவை. தாய் வெல்டா அதை மாவு சலிக்கும் பாத்திரத்தில் வைத்துத் தூக்கிவந்து அடுப்படி மேசையில் வைத்தாள். மூன்று ரொட்டியின் எடை இருந்தது. பக்கத்துப் பண்ணை கிளீட்டஸ் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்தார். "பிள்ளை குரலாவது பரவாயில்ல. எங்கப்பன் குரல்ல ஒண்ணு விழுந்தா நான் வீட்ட வித்துட்டுப் போயிருவேன்" என்றார். அதற்குப் பிறகு ஊரில் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. பனி அதிகமாக இருந்த வருடம் அது. மாடுகளுக்குத் தீவனம் கொண்டுபோவதே பெரும்பாடு.

முதல் நாள் அந்தக் குரல் தபால் பெட்டி வரை கேட்டது, இருநூற்று நாற்பது காலடி. வெல்டா தினமும் காலையில் நடந்து எண்ணினாள். காலடிகள் குறைந்துகொண்டே வந்தன. அவள் ஆரினிடம் சொல்லவில்லை. அவரும் கிணற்றடியில் நின்று காது கொடுத்துவிட்டு உள்ளே வருவார்.

வானத்தைப் படமெடுக்கும் கேமராக்களை வைத்துக் கல் விழுந்த இடத்தைக் கணக்கிட்டவர்கள் ஐந்து வாரம் தப்பான மாவட்டத்தில் பனியைக் கிளறினார்கள். கடைசியில் மாசசூசெட்ஸில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஃபீலிக்ஸ் ராட்மன் என்பவர் சேறு படிந்த வண்டியில் வந்து சேர்ந்தார். மேசைமேல் பாடுகிற கல்லைப் பார்த்துவிட்டுத் தன் கையுறையைக் கழற்ற மறந்து நின்றார். வெல்டா காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்திருந்த காலடிக் கணக்கைக் காட்டினாள்.

"எத்தன நாள்ல பாதியாச்சும்மா?"

"முப்பத்தஞ்சு. இன்னிக்கு நூத்தி இருபது காலடி."

ராட்மன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்தக் கல்லுக்குள் விண்வெளிக் கதிர்கள் உண்டாக்கிய வாயு ஒன்று இருக்கிறது, முப்பத்தைந்து நாளில் பாதி அழியும் என்று சொன்னார். "நீங்க நடந்து போட்ட கணக்கும் நாங்க கருவி வச்சுப் போடுற கணக்கும் ஒண்ணுதான்."

"இங்கயே வச்சிருந்தா நிக்குமா?"

"நிக்காதும்மா. பூட்டி வச்சாலும் நிக்காது. ஐஸ்ல போட்டாலும் நிக்காது."

"நீங்க கொண்டுபோய் என்ன செய்வீங்க?"

"இடிப்போம். உருக்குவோம். வர்ற வாயுவக் குழாய்ல அடைச்சு எண்ணுவோம்."

சுவரோரம் நின்ற ஆரின், "ஒரு தடவ புதைச்சாச்சு. இப்ப இடிக்கக் குடுக்கணுமா?" என்று கேட்டார். ராட்மன் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார். கல்லில் இன்னொரு வாயுவும் உண்டு. அது பாதியாக இருநூற்று அறுபத்தொன்பது வருடம் பிடிக்கும். சீக்கிரம் அழிகிற வாயு, விழுவதற்கு முந்தைய சில மாதங்களில் கல் நம் பக்கம் வந்தபோது அதன்மேல் பட்ட கதிரைச் சொல்லும். மெதுவாக அழிகிற வாயு, செவ்வாய்க் கிரகத்துக்கு அப்பால் போய்ப் போய்த் திரும்பிய சுற்றுகளிலெல்லாம் பட்டதைச் சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டால், அங்கே அந்தக் கதிர் மழை கூடவா குறைவா என்று தெரியும்.

வெல்டா வெகுநேரம் மேசையைத் துடைத்தாள். "அவ இருந்த எடத்துல எப்பிடி இருந்துச்சுன்னு சொல்ல முடியும்ங்கிறீங்க."

"கல்லு இருந்த எடத்தப் பத்திச் சொல்ல முடியும்."

"அது போதும். நானும் வர்றேன்."

அவளே பாத்திரத்தோடு கல்லை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வண்டியில் போனாள். இடித்த அன்று கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே போய் நின்றார்கள். அவள் மட்டும் போகவில்லை. உருக்கிய பிறகு குரல் குழாயிலிருந்து வந்தது, கொஞ்சமும் மாறாமல். வெளிக்கதிர் எண்ணிக்கையில் கலக்காதபடி குழாயைச் சுற்றி ஈயமும் இரும்பும் அடுக்கினார்கள், அப்போதும் வந்தது. வெல்டா அங்கேயே கண்ணாடிச் சாமான் கழுவும் வேலையில் சேர்ந்தாள். மார்ச் நடுவில் அறுபது காலடி, ஏப்ரலில் முப்பது. ஜூனில் ஆரின் தனியாக அறுவடை முடித்துவிட்டுத் தபால் அட்டை போட்டார்: விளைச்சல் சுமார், நாய்க்குக் கால் சுளுக்கு. கோடையில் குரல் அறையைத் தாண்டவில்லை.

செப்டம்பரில் ராட்மன் கணக்கை முடித்து, அவளைத் தேடிக் கழுவுதொட்டிக்கு வந்தார்.

"அந்தக் கதிர் மழை அங்கயும் இங்கயும் ஏறக்குறைய ஒண்ணுதாம்மா. பெரிய வித்தியாசம் இல்ல."

"ஒதுங்கறதுக்கு ஒரு எடம்கூட இல்லையா?"

"இந்தக் கல்லு போன வழியில இல்ல."

அவள் கையிலிருந்த குடுவையைக் கழுவி முடித்துக் கவிழ்த்தாள். டிசம்பரில் இரும்பில் காதை ஒட்டினால்தான் கேட்டது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அதுவும் கேட்கவில்லை. கருவியின் முள் மட்டும் எப்போதாவது துள்ளியது. அது அந்த இன்னொரு வாயு, அதற்குக் குரல் இல்லை. வெல்டா மேலங்கியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நிறுத்தத்தில் காத்திருந்த ஆரின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மூன்று வருடம் கழித்துக் கான்சாஸில் ஒரு வீட்டு வாசலில் கல் விழுந்தது. அந்த வீட்டுக்காரி எங்கெங்கோ விசாரித்து வெல்டாவுக்கு ஃபோன் செய்தாள். கல் இருமுகிறது என்றாள்.

"யாரு குரல்ல?" என்று கேட்டாள் வெல்டா.

"எங்க வீட்டுக்காரரு."

"முதல் முப்பத்தஞ்சு நாள் தூங்காதீங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தூங்கலாம்" என்று வெல்டா சொன்னாள்.