ஹால்வாரின் வெள்ளைத் தொட்டி

போர்கில்ட்டின் சாவு விருந்துக்குக் காய்ச்சிய பீர் புளித்துப் போயிருந்தது. வோஸ் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. ஆனாலும் அவள் கணவர் குட்லெய்க்கின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது பீர் அல்ல, பக்கத்துப் பண்ணை ஹால்வார் சொன்ன வார்த்தை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தவன், துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னான்:

"அந்தம்மா பாத்திரம் கழுவுன லட்சணம் இப்பத்தான் தெரியுது."

ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடியின் கிளைகளை வெட்டி வந்து, தண்ணீர் தேன் நிறமாகும் வரை கொதிக்கவைத்து, அந்தக் கொதிநீரால் மரத்தொட்டியைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தவள் போர்கில்ட். கடைசியில் தொட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பாள். துளி சந்தேகம் வந்தாலும் மறுபடி அடுப்பு மூட்டுவாள். சாவதற்கு முன் அந்த மரத்தொட்டியைக் கடைசியாகக் கழுவி வைத்ததும் அவள்தான். அவளைத்தான் அவன் அப்படிச் சொன்னான்.

அன்று கூட்டம் பெரிது, மரத்தொட்டி போதவில்லை என்று ஹால்வாரின் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியையும் குட்லெய்க் இரவல் வாங்கியிருந்தார். இரண்டிலும் பொங்கிய பீரை ஒரே பீப்பாயில் கலந்துவிட்டதால், கெட்டது எது என்று யாருக்கும் தெரியவில்லை. தொட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார் குட்லெய்க். உள்ளே எங்கு பார்த்தாலும் மெல்லிய கீறல்கள். தகப்பன் பாட்டன் மரத்தொட்டியைத் தேய்த்த பழக்கத்தில், ஹால்வார் பிளாஸ்டிக்கையும் கம்பி நாரால் பளபளக்கத் தேய்த்திருக்கிறான். மரத்துக்கு அது சுத்தம். பிளாஸ்டிக்குக்கோ, கீறலுக்குள் புளிப்பு குடியேறிவிட்டால் எந்தக் கொதிநீரும் அதைக் கிளப்பாது.

குட்லெய்க் ஒரு வார்த்தை பேசாமல் தொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். காத்திருந்தார்.

அடுத்த கோடையில் ஹால்வாரின் மகள் ராக்னிக்குக் கல்யாணம் கூடியது. ஹால்வார் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான்.

"கல்யாணத்துக்குக் காய்ச்சணும். என் தொட்டி ஒண்ணு பத்தாது. உங்க மரத்தொட்டியக் குடுப்பீங்களா?"

பீர் காய்ச்சும் வீட்டுக்குப் பாத்திரம் இல்லை என்று சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை.

"என் பொண்டாட்டி கழுவுன தொட்டியாச்சே, பரவாயில்லையா?"

"அட, அத இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க? ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது."

"தர்றேன். நானே கழுவிக் கொண்டாந்து தர்றேன். பாதி இதுல, பாதி உன் தொட்டியில. ஆனா ரெண்டையும் கலக்கக் கூடாது. சுவை பாக்குற அன்னிக்கு நான்தான் ஊத்துவேன்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்துக்கொண்டே போனான் ஹால்வார்.

உன் தொட்டி கெட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஜூனிப்பர் கிளைகளை வெட்டி வந்து, போர்கில்ட் செய்த மாதிரியே தேய்த்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார்.

பொங்கி முடிந்த பீரை வடிக்கும் நாளில் அக்கம்பக்கத்தார் கூடிச் சுவை பார்ப்பது வழக்கம். சாவு விருந்துக்கு வந்திருந்த அதே முகங்கள் ஹால்வாரின் காய்ச்சும் கொட்டகையில் கூடின. குட்லெய்க் முதலில் மரத்தொட்டியிலிருந்து ஊற்றினார். கிண்ணம் கை மாறியது.

"அடேயப்பா! இதுக்காகவே இன்னொரு பொண்ணப் பெத்துக்கலாம் ஹால்வார்!" என்றார் கிழவர் அஸ்லாக்.

பிறகு வெள்ளைத் தொட்டியிலிருந்து ஊற்றி, ஹால்வாரிடமே முதலில் நீட்டினார். அவன் முகம் கோணியது. அடுத்தவர் வாயில் வைத்ததும் வெளியே ஓடித் துப்பினார். அஸ்லாக் கிண்ணத்தை மோந்துவிட்டு, "இந்த நாத்தம் எனக்குத் தெரியும். போர்கில்ட் சாவுல குடிச்சது" என்றார்.

குட்லெய்க் தொட்டியில் மிச்சமிருந்ததைத் தரையில் கவிழ்த்தார். காலித் தொட்டியைக் கதவு வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல்களைக் காட்டினார்.

"கம்பி நாரு. அன்னிக்கும் இதே தொட்டிதான். இப்பச் சொல்லு, யாரு பாத்திரம் கழுவத் தெரியாதவங்க?"

ஹால்வார் தரையைப் பார்த்து முணுமுணுத்தான். "என் தொட்டிதான். போர்கில்ட் மேல தப்பில்ல."

"சத்தமாச் சொல்லு. அஸ்லாக்குக்குக் காது கேக்காது."

"எனக்கு நல்லாவே கேட்டுச்சு," என்றார் அஸ்லாக். "இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லட்டும்."

ஹால்வார் இன்னொரு தடவை சொன்னான், எல்லோருக்கும் கேட்கும்படி.

மறுநாள் ராக்னி தனியாக வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"மாமா, பாதி பீர்தான் இருக்கு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னாடி எப்படி நிப்பேன்? உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சுல்ல? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்."

அவர் நிலவறைக் கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு பீப்பாய் நிறைய அவருடைய சொந்தப் பீர் இருந்தது.

"எடுத்துக்கோ. உனக்குத்தான், உங்கப்பனுக்கு இல்ல. கல்யாணத்துல அவன் பீர்னு ஒரு சொட்டு வாயில வைக்கக் கூடாது. சம்மதமா?"

"அவர் எங்க அப்பா, மாமா."

"அவ என் பொண்டாட்டி."

கல்யாணத்தன்று பந்தலில் ஆள் ஆளுக்குக் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்தினார்கள். முதல் வரிசையில் மகளின் அருகே அமர்ந்திருந்த ஹால்வாரின் கையில் காப்பிக் கோப்பை. "என்னப்பா, வயிறு சரியில்லையா?" என்று வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் ஆமாம் என்றான்.

எதிர்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த குட்லெய்க், தன் கிண்ணத்தை இன்னொரு முறை நிரப்பச் சொன்னார்.